அசர்ட் போட்டா ஆச்சா?

அம்பத்தூர் எஸ்டேட்டுல பொட்டி தட்டுற என்னை மாதிரி ஆளுங்களுக்கு டீக்கடைதான் கான்ஃபரன்ஸ் ரூம். போன வாரம் அங்க ஒரு சண்டை. மெஷினை இயக்குற நிரல் எழுதற நண்பர் ஒருத்தர் பெருமையா சொன்னார்: "டெஸ்டிங் முடிஞ்சதும் அசர்ட் எல்லாத்தையும் தூக்கிட்டுத்தான் பாஸ் டெலிவரி. கஸ்டமர் இடத்துல மெஷின் நின்னா யார் பதில் சொல்றது?"

பொட்டி தட்டாத மக்களுக்கு: அசர்ட் என்பது நிரல் எழுதறவன் நடுநடுவுல எழுதி வைக்கிற சத்தியம். 'இங்க இந்த அளவு நூறைத் தாண்டவே தாண்டாது' அப்படின்னு. அது பொய்யாப் போனா நிரல் அங்கேயே நின்னுடும். சி மொழியில ஒரே ஒரு வரி சேர்த்தா மொத்த அசர்ட்டும் காணாமப் போயிடும். அந்த வசதிதான் வினையே. எட்டு போட்டுக் காட்டறப்ப ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, லைசென்ஸ் கைக்கு வந்ததும் பூந்தமல்லி ஹைரோட்டுல அதைக் கழட்டி டேங்க் மேல வெச்சு ஓட்டற கதை.

அதுக்காக நான் 'அசர்ட் வாழ்க' கோஷ்டின்னு நினைச்சுடாதீங்க. நிக்கறது எப்பவுமே நல்லதா? ஆவடி லைன்ல போறவங்களுக்குத் தெரியும். சிக்னல்ல கோளாறுன்னா சிவப்பு விழணும், அப்படித்தான் அதை வடிவமைக்கறாங்க. வண்டி நிக்கும், நாம திட்டுவோம், ஆபீசுக்கு லேட்டாப் போவோம். உசுரோட போவோம். ரயிலுக்கு நிக்க இடம் இருக்கு. ராக்கெட்டுக்கு?

1996 ஜூன் 4, ஐரோப்பாவோட ஏரியான் 5 முதல் தடவையா கிளம்புச்சு. வழிகாட்டற கணினி ஒரு 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள்ள திணிக்கப் பார்த்தது, கொள்ளலை. தப்பைக் கரெக்டா கண்டுபிடிச்சு, சொல்லி வெச்ச மாதிரியே தன் வேலையை நிறுத்திக்கிச்சு. மாற்றுக் கணினி? அதுலயும் அதே நிரல், அது ஒரு கண்ணிமைக்கு முன்னாடியே படுத்தாச்சு. 40 நொடிக்குள்ள ராக்கெட் சிதறிடுச்சு. (இது எக்ஸப்ஷன், அசர்ட் இல்லைன்னு சண்டைக்கு வராதீங்க. 'தப்புன்னா நில்லு' என்கிற அதே புத்திதான்.) கொடுமை என்னன்னா, கிளம்பினப்புறம் அந்தக் கணக்கே தேவையில்லை. ஏரியான் 4லேர்ந்து அப்படியே தூக்கிட்டு வந்தது.

இன்னொண்ணு நம்ம ஊருக்கு வர வேண்டிய வண்டி. 2023 ஜூன் 2, கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவுல பஹானகா பஜார். மெயின் லைனுக்குப் பச்சை, பாயின்ட் மட்டும் லூப் லைன் பக்கம். அங்க சரக்கு ரயில் நின்னுக்கிட்டிருந்தது. 290 பேருக்கு மேல போயிட்டாங்க. சிக்னல் சர்க்யூட்ல மாத்தி வேலை பார்த்தப்ப ஒயரைத் தப்பா இணைச்சதுதான் காரணம்னு ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணை சொல்லுச்சு. பாயின்ட் நேரா இருக்குன்னே சிஸ்டம் நம்பியிருக்கு. அந்த ஒயர் சொல்றதை நம்பி ஆயிரம் அசர்ட் எழுதியிருந்தாலும் ஆயிரமும் 'சரி'ன்னுதான் தலையாட்டியிருக்கும். அசர்ட் பார்க்கறது நிரலுக்குள்ள இருக்கற எண்ணை. தண்டவாளத்தை இல்லை.

நண்பர்கிட்ட இதையெல்லாம் கொட்டிட்டுக் கேட்டேன். அசர்ட் விழுந்தா உங்க மெஷின் என்ன பண்ணணும்? நின்னா போதும்னா அதை ஏன் எடுக்கறீங்க, ஒழுங்கா பிரேக் போட்டு நிறுத்துங்க. நிக்கக் கூடாதுன்னா மாற்று வழி எழுதுங்க: வேகத்தைக் குறை, கடைசியா சரியா இருந்த அளவை வெச்சு ஓட்டு, மணி அடிச்சு ஆளைக் கூப்பிடு. இதை மெஷினை ஓட்டறவரோட உக்காந்து முடிவு பண்ணணும், ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல கோட் அடிக்கிறவன் இல்லை. அசர்ட்டைத் தூக்கிட்டா தப்பு போயிடாது, சொல்றதுக்கு ஆள்தான் இருக்காது. அதுவும் போக, டெஸ்ட் பண்ணினது ஒரு நிரல், டெலிவரி ஆறது இன்னொரு நிரல்னா, நீங்க இத்தனை மாசமா டெஸ்ட் பண்ணினது எதை?

"டெட்லைன் வெள்ளிக்கிழமை பாஸ்"னுட்டு, என் டீக்கும் சேர்த்துக் காசு குடுத்துட்டுக் கிளம்பிட்டார்.