மூடி வைத்தால் தூங்க வேண்டாமா?

"லினக்ஸ் போட்டாலே பேட்டரி நிக்காதுங்க" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ராத்திரி மூடி வைத்த லேப்டாப் காலையில் செத்துக் கிடக்கிறது, உண்மைதான். கொன்றது யார்?

முன்பு எஸ்3 என்றொரு தூக்கம் இருந்தது. ரேமுக்கு மட்டும் துளி மின்சாரம், மற்றதெல்லாம் அணைந்துவிடும். 2011இல் தமிழக அரசு பாஸ் லினக்ஸும் சேர்த்து இலவச லேப்டாப் கொடுத்த காலத்தில் அதுதான் வழக்கம். 2015இல் வந்த விண்டோஸ் 10 'மாடர்ன் ஸ்டேண்ட்பை' என்று ஆரம்பித்தது. லேப்டாப்பும் போனைப் போல அரைத்தூக்கத்தில் கிடந்து மெயில் வாங்கணுமாம். (யார் கேட்டார்கள்?) அதற்காகப் பல கம்பெனிகள் ஃபர்ம்வேரிலிருந்து எஸ்3ஐயே எடுத்துவிட்டன. இப்போது வைஃபையோ எஸ்எஸ்டியோ ஒன்று கண் மூடாவிட்டாலும் பிராசஸர் ஆழ்ந்து தூங்காது. விண்டோஸ்காரர்களின் லேப்டாப் பைக்குள் கொதிப்பதும் இதனால்தான்.

ஹைபர்னேட் பண்ணலாமே என்பீர்கள். செக்யூர் பூட் இருந்தால் பல டிஸ்ட்ரோக்களில் கர்னலே அதைத் தடுக்கிறது. அந்தப் பழி லினக்ஸுக்கே.

திருப்பாலைக்குடியில் கரண்ட் போன மதியத்தில் எனக்கு மிச்ச பேட்டரி வேண்டும், மெயில் வேண்டாம். முடியாத காரியமும் இல்லை. 2018இல் வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பனில் பயனர்கள் சத்தம் போட்ட பிறகு, பயாஸில் 'லினக்ஸ்' என்று ஒரு தூக்கத் தேர்வை லெனோவா சேர்த்தது. அடுத்த லேப்டாப் வாங்கும்போது கடைக்காரரிடம் ரேம் எவ்வளவு என்பதற்கு முன்னால் எஸ்3 இருக்கிறதா என்று கேளுங்கள்.