ரெக்ஸின் கோபுரம்

முன்குறிப்பு: ஆம்பூர்க்காரன் பதிவுன்னதும் பிரியாணி ரெசிப்பின்னு நெனச்சு வந்தவங்க மன்னிக்கணும். இன்னிக்கு மேட்டர் கொஞ்சம் சூடு.

விஷயம் இதுதான் மக்களே. எங்க தெருவுல தாத்தா காலத்து ஓட்டு சர்ச் ஒண்ணு இருக்கு. சுண்ணாம்புச் சுவர், உசரமான கூரை, ரெண்டு பக்கமும் தாழ்வாரம். மே மாச வெயில்லயும் உள்ளே நிம்மதியா உக்காரலாம். அதை இடிச்சிட்டு புதுசு கட்டப் போறாங்களாம். பிளக்ஸ் வெச்சாச்சு. முன்னாடி ரெண்டு கூர்கோபுரம், கான்கிரீட் கூரை, உள்ளே பால்ஸ் சீலிங், சரவிளக்கு, ஏசி. குடும்பத்துக்கு பத்தாயிரம். ஷூ கம்பெனியில நாள் பூரா அப்பர் தைக்கிற அக்காங்களுக்கும் அதே பத்தாயிரம்தான்.

கமிட்டி அங்கிள் ஒருத்தர்கிட்ட "ஏன் அங்கிள் இந்த டிசைன்?"னு கேட்டேன்.

"தம்பி, சர்ச்சுன்னா சர்ச் மாதிரி இருக்க வேணாமா? வெளிநாட்டுல போய்ப் பாரு, தெரியும்."

போய்ப் பாத்துட்டு வந்துதான் அங்கிள் பேசுறேன்.

பொட்டி தட்டுற வேலையா பிராங்க்பர்ட்டுல ஆறு மாசம் இருந்தேன். பக்கத்துலயே ஓஃபென்பாக்னு ஒரு ஊர். ஜெர்மனியோட ஆம்பூர்னு வெச்சுக்கங்க. தோல் சாமான் தொழில்ல பேர் போன ஊர், 1917-ல ஆரம்பிச்ச தோல் மியூசியம்கூட இருக்கு. அப்பா டேனரியில வேலை செஞ்சவர் ஆச்சே, விடுவேனா? போனேன். அங்கதான் தெரிஞ்சது, காட்ஃபிரீட் போம்ங்கிற கட்டடக் கலைஞர் 1920-ல பொறந்தது இதே ஊர்ல. தோல் ஊர்ல பொறந்தவர் என்னதான் கட்டியிருக்கார்னு தேடிப் போன கதைதான் மிச்சம்.

இவங்க அப்பா டொமினிகுஸ் போமும் சர்ச் கட்டுறவர். ரெண்டாம் உலகப்போர்ல கொலோன் நகரம் குண்டு விழுந்து தரைமட்டம். செயின்ட் கொலும்பாங்கிற பழைய சர்ச்சும் போச்சு. ஆனா இடிபாட்டுக்கு நடுவுல ஒரு மாதா சிலை மட்டும் தப்பிச்சு நின்னுது. இளைஞர் போம் என்ன செஞ்சார் தெரியுமா? பழைய சர்ச்சை அச்சு அசலா திரும்பக் கட்டல. அந்தச் சிலையைச் சுத்தி கூடாரம் மாதிரி ஒரு குட்டி சேப்பல் கட்டினார். 1950-ல திறந்தாங்க. இடிஞ்சது இடிஞ்சதுதான், மிஞ்சினதை வெச்சு ஜெபம் பண்ணுவோம்னு சொல்ற கட்டடம். இப்போ அதையும் இடிபாட்டையும் உள்ளே வெச்சே 2007-ல திறந்த மியூசியம் இருக்கு.

அடுத்தது நேவிகெஸ். 1968-ல கட்டி முடிச்ச யாத்திரைக் கோயில். கோபுரம் கிடையாது. மலை மாதிரி மடிஞ்சு மடிஞ்சு எழும்புற கான்கிரீட் கூரை. உள்ளே இருட்டு. தெருவுல பாவுற மாதிரி கல் தரை, தெருவிளக்கு மாதிரி விளக்கு. சிவப்பு ரோஜா வரைஞ்ச கண்ணாடி வழியா வெளிச்சம். நடந்து வந்து களைச்ச யாத்ரீகனோட பாதை அப்படியே பீடம் வரைக்கும் போகுது. அப்போ கொலோன் கர்தினாலா இருந்த பிரிங்ஸுக்குக் கண் பார்வை கிட்டத்தட்ட போயிருச்சு. மாடலைக் கையால தடவிப் பாத்தே அவருக்கு இது புடிச்சுப்போச்சுன்னு சொல்வாங்க. போமுக்கு 1986-ல பிரிட்ஸ்கர் விருது கிடைச்சது. 2021-ல 101 வயசுல காலமானார்.

இப்போ அங்கிளுக்கு வருவோம். கூர் வளைவுங்கறது அலங்காரம் இல்ல அங்கிள், கணக்கு. கல் கூரையோட பாரத்தைத் தூணுக்கும் முட்டுச்சுவருக்கும் கடத்தி தரைக்கு இறக்குற வழி. கான்கிரீட் பீம் பாரத்தைத் தாங்கிக்கிட்டு இருக்க, அதுக்குக் கீழே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வளைவு ஒட்டினா அது எதைத் தாங்குது? அந்த ஊர் செங்குத்துக் கூரையில பனி வழுக்கி விழும். ஆம்பூர்ல வருசத்துக்கு எத்தனை அடி பனி கொட்டுது? ;)

எங்கப்பா ஒரு துண்டைத் தடவிப் பாத்தே தோலா ரெக்ஸினான்னு சொல்லிடுவார். ரெக்ஸின் மேலயும் மாட்டுத்தோல் வரியை அச்சடிக்கலாம், பாக்க அப்படியே இருக்கும். கட்டப் போற கோபுரம் அந்த வகை. ஊருக்கே தோல் வித்துட்டு, சாமிக்கு மட்டும் ரெக்ஸினா?

"ஜெர்மன்காரன் பணக்காரன்"னு பின்னூட்டம் போடப் போறவங்களுக்கு: லாரி பேக்கர் இருக்காரே! காட்பாடி பக்கம் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை தெரியுமில்ல, அது மாதிரி தொழுநோய் இல்லங்களுக்குக் கட்டடம் கட்ட 1945-ல இந்தியா வந்த இங்கிலாந்துக்காரர். திருவனந்தபுரம் லயோலாவுல ஆயிரம் பேர் உக்காரச் சொல்லி 1970-கள் தொடக்கத்துல அவர்கிட்ட குடுத்த பட்ஜெட் சுமார் 1.75 லட்சம். ரெண்டு அடுக்கு செங்கல் சுவர், நடுவுல இடைவெளி, குறுக்குச் செங்கல் பிடிமானம், ரெண்டு சுவர்லயும் ஜாலி ஓட்டை. காத்தும் வெளிச்சமும் இலவசம். ஜாலி வேலை ஆம்பூர்ல யாருக்குத் தெரியாது? பக்கத்து மசூதியைப் பாத்தாலே போதுமே!

நியாயமா ஒண்ணு ஒத்துக்கறேன். நேவிகெஸ் கூரை ஒழுகி, பல வருசம் கழிச்சு கார்பன் வலை வெச்ச கான்கிரீட் பூச்சு போட வேண்டியதாச்சு. அதனால போமைக் காப்பி அடிங்கன்னு நான் சொல்லல. அதுவும் ரெக்ஸின்தான். கோதிக்குக்குச் சொந்தக்காரனே இடிஞ்ச கோதிக்கைத் திரும்பக் கட்டாம, நம்ம காலம் என்ன, நம்ம ஜனம் யாருன்னு யோசிச்சான். நாம ஏன் யோசிக்கல? அதுதான் கேள்வி.

என் கோரிக்கை சின்னது. ஓட்டு சர்ச்சை இடிக்காதீங்க. இடம் பத்தலன்னா தாழ்வாரத்தைத் தள்ளி செங்கல்லயும் கருங்கல்லயும் நீட்டுங்க. சுத்தி மலையை வெச்சுக்கிட்டு கல்லுக்கா பஞ்சம்? ஏசிக்கு ஆகுற கரண்ட் பில்லை அந்த அக்காங்க தலையில கட்டாதீங்க.

வர்ற ஞாயிறு ஆராதனை முடிஞ்சு கூட்டம். கை தூக்கி எதிர்ப்பு சொல்லப் போறது நான் ஒருத்தனாத்தான் இருக்கும்னு நினைக்கறேன். அப்பா ஏற்கெனவே பத்தாயிரத்தைக் கட்டிட்டு ரசீதை பைபிளுக்குள்ள வெச்சிருக்கார். நேத்து ராத்திரி இதெல்லாம் அவர்கிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டார்: "அந்தப் பழைய ஓடெல்லாம் என்ன பண்ணுவாங்களாம்?"

அந்தக் கேள்வியைத்தான் கூட்டத்துல முதல்ல கேக்கப் போறேன்.