காட்டுக்குச் சட்டம் உண்டு, கல்லுடைப்பவருக்கு நோட்டீஸ் உண்டா?

வைரமுடி சேவைக்கு மேல்கோட்டை போய்வரும் நம் குடும்பங்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அங்கே ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் காடு 1974 முதல் சரணாலயம் என்று? இராமானுசர் நடந்த மண் என்று பெருமை பேசுகிறோம். அதே மண்ணில் ஓநாய்க்கு அரசு இடம் ஒதுக்கியிருப்பதைப் பேசுவதில்லை.

ஒதுக்கியது சரியே. நாம் காட்டுக்குப் பகைவர்கள் அல்லர். சரணாலயத்துக்குள்ளும், அதன் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரையிலும் சுரங்கம் வெட்டலாகாது என்று 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. கிருஷ்ணராஜசாகர் அணையைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் குவாரி வேலையை 2024 ஜனவரியில் கருநாடக உயர்நீதிமன்றம் தடுத்தது. அணைக்குச் சேதம் வந்தால் காவிரிக் கரையில் பிழைப்பவர் யார்?

ஆனால் தடை வந்தபின் குத்தகைதாரர் எந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த தாலுகாவுக்குப் போய்விடுவார். தமிழகத்திலிருந்து கல்லுடைக்க வந்த குடும்பமோ முன்பணக் கடனோடும், பாதி வகுப்பில் படிப்பு நின்ற பிள்ளையோடும் தகரக் கொட்டகையில் கிடக்கும். அனுமதி கொடுத்தபோதும் அவர்களைக் கேட்டவரில்லை, தடுத்தபோதும் கேட்டவரில்லை.

கேட்பதற்கு வழி இருக்கிறது. பெரிய குவாரிகளுக்கும் ஆலைகளுக்கும் அனுமதி தருமுன் பொது விசாரணை நடத்த வேண்டும், குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2006 ஆம் ஆண்டு அறிவிக்கை. பட்டா காட்டு, ரேஷன் கார்டு காட்டு என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் அறிவிப்பு வருவது பத்திரிகையில். திட்டத்தின் சுருக்கம் கிடைப்பது ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். கொட்டகைக்குப் பத்திரிகை போடுபவர் யார்?

2020இல் இந்த 30 நாளை 20 நாளாகக் குறைக்க ஒரு வரைவு வந்தது. அதையும் முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டார்கள். எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் தருக என்றது தில்லி உயர்நீதிமன்றம். மத்திய அரசு அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போயிற்று! வரைவு சட்டமாகவில்லை என்பது வேறு.

கன்னட நாட்டில் தமிழ் நோட்டீஸ் கேட்பது வம்பு என்பார் சிலர். கன்னடத்தை விலக்கச் சொல்கிறோமா? கன்னடத்தில் ஒட்டிய அதே நோட்டீசை, கூலி போடும் நாளில் வேலையிடத்தில் ஒருவர் தமிழில் வாசித்துக் காட்டட்டும் என்கிறோம். திட்ட அறிக்கையில் மரத்தை எண்ணுகிறார்கள், பறவையை எண்ணுகிறார்கள். அந்த வேலையை நம்பி வந்து குடியிருப்பவர்களையும் எண்ணட்டும், வேலை நின்றால் அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று எழுதட்டும்.

நேரில் போய்ப் பேச முடியாதவர்கள் மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் அனுப்பலாம். தமிழில் எழுதிக் கிளைத் தோழரிடம் கொடுங்கள். கன்னடத்தில் பெயர்த்து, தேதி தவறாமல் பதிவுத் தபாலில் சேர்ப்பது நம் பொறுப்பு.