பம்பு அலறினால் பம்பா குற்றவாளி?

திருப்பூரில் நிட்டிங் மிஷின் சத்தம் மாறினால், கோளாறு எங்கே என்று தேடுவார்கள். மிஷினையே தூக்கிப் போட மாட்டார்கள். ஆனால் பழைய கார் என்றால் மட்டும், "புது பம்பு போடு" என்கிறார்கள்! இது என்ன நியாயம்?

2014-ல் தயாரிப்பு நின்றுபோன மாருதி 800 இன்னும் ஓடுகிறது. அதில் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு, மின்சார பம்பு பெட்ரோல் டாங்கிக்குள்ளேயே இருக்கிறது. அதன் சூட்டைத் தணிப்பது பெட்ரோல்தான்.

சாவியைத் திருப்பியதும் இரண்டொரு வினாடி முனகுவது இயல்பு. ஓயாமல் அலறினால்?

முதலில் பெட்ரோல் அளவைப் பாருங்கள். நூறு ரூபாய்க்கு மட்டும் போட்டு ஓட்டும் சிக்கனக்காரர்கள் உண்டு. பெட்ரோல் குறைந்தால் பம்பு சூடேறும். காற்றை இழுத்து அலறும். பிறகு பில்டர். அழுக்கு அடைத்தால் பம்புக்கு மூச்சு முட்டும். இரண்டும் சரியாக இருந்தும் மேட்டில் கார் திணறினால், அப்போது பம்பைச் சந்தேகப்படுங்கள்.

டாங்கியை வீட்டில் திறக்காதீர்கள். அது பட்டறை வேலை.