சலுகையோடு ஒரு நிபந்தனை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையின் தொழில் சூழல் பற்றிய தங்கள் கட்டுரை, வரப்போகும் முதலீடுகளைப் பட்டியலிட்டதோடு நின்றுவிட்டது. அந்தப் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தருபவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அம்பத்தூரில் லேத் பட்டறை நடத்துகிறேன். புஷ், பின் கடைசல் வேலை. ஆர்டருக்குப் பஞ்சமில்லை, பணம்தான் கைக்கு வருவதில்லை. சரக்கை ஏற்றுக்கொண்டபின் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம். எனக்கு வேலை தரும் நிறுவனம் ஒன்றில் பில்லைக் கணினியில் ஏற்றவே ஒரு மாதம் ஆகிறது. அதற்குள் ஜிஎஸ்டியைக் கைக்காசு போட்டுக் கட்டியாக வேண்டும். கரண்ட் பில்லும் சனிக்கிழமை சம்பளமும் காத்திருக்குமா? தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. கேட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். தாமதப் பாக்கிக்காக அந்தச் சட்டப்படி அமைந்த வசதியாக்க மன்றத்தில் புகார் கொடுக்கப் பலரும் தயங்குவது இதனால்தான்.

நிலம், மின்சாரம், வரியில் அரசுச் சலுகை பெறும் ஆலைகள், சிறு பட்டறைகளின் பாக்கியைக் காலத்தில் தீர்த்ததற்கு ஆண்டுதோறும் தணிக்கையாளர் சான்று தர வேண்டும். அது வந்தால்தான் அடுத்த தவணைச் சலுகை என்று தொழில் துறை விதி செய்யட்டும்.

- பட்டறை உரிமையாளர் ஒருவர்,
அம்பத்தூர், சென்னை-58