எப்படி என்று எழுதுகிறார்கள், ஏன் என்று எழுதுவதில்லை

விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பத்திலிருந்து ஜீப்புகள் கம்பம்மெட்டு மலையேறும். அந்த நேரத்தில் டீக்கடையில் தொங்கும் நாளிதழ் போஸ்டர்தான் ஊருக்கு முதல் செய்தி. 'காதல் தோல்வி: வாலிபர் தற்கொலை' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே பிரித்தால் எந்த இடம், எந்த நேரம், என்ன செய்தார் என்பது வரிசையாக வரும், படமும் வரும். காரணம் மட்டும் இரண்டு சொல்லில் முடிந்துவிடும்: காதல் தோல்வி, தீராத வயிற்றுவலி, குடும்பத் தகராறு.

இந்தப் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொற்களின் மறுபக்கம் தெரியும். 'காதல் தோல்வி'க்குப் பின்னால் சாதி கேட்டு வந்த மிரட்டல் இருக்கலாம். 'வயிற்றுவலி' என்பது, வழக்கு வேண்டாம் என்று பயந்த குடும்பம் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்த வாசகமாக இருக்கலாம். செய்தியாளர் அதை அப்படியே படியெடுக்கிறார்.

அரசுக் கணக்கும் இதே லட்சணம்தான். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டனர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். காரணப் பட்டியலில் காதல் விவகாரம் உண்டு, நோய் உண்டு, தலைவர் மீதான பற்றுக்குக்கூட இடம் உண்டு. சாதி ஒடுக்குமுறைக்கு இல்லை.

அவசரமாக எழுதப்படும் 'தற்கொலை' கொலையையும் மூடிவிடும். 2015இல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்த கோகுல்ராஜின் உடல் முதலில் தற்கொலை என்றே காட்டப்பட்டது. அது ஆணவக்கொலை என்று மதுரை சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2022 ஆனது.

மறைக்க வேண்டியதைச் சொல்வதும் உயிரைக் குடிக்கும். ஆஸ்திரியாவின் வியன்னாவில் சுரங்க ரயில் தற்கொலைகளை நாளிதழ்கள் பரபரப்பாக எழுதிவந்தன. 1987இல் மருத்துவர்கள் கேட்டுக்கொண்டதால் அந்த எழுத்தை அடக்கிக்கொண்டன. அடுத்த ஆறு மாதங்களில் அத்தகைய சம்பவங்கள் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தன. முறையை விவரிக்காதே, இடத்தைச் சொல்லாதே, படம் போடாதே என்று இந்தியப் பத்திரிகை கவுன்சிலும் 2019இல் நெறிமுறை வகுத்தது. போஸ்டர்கள் மாறவில்லை.

தோழர்களே, நம் பக்கமும் தவறு இருக்கிறது. ரோகித் வெமுலாவுக்கும் அனிதாவுக்கும் நீதி கேட்டது சரி. ஆனால் ஒவ்வொரு மரணத்திலும் கடைசிக் கடிதத்தையும் படத்தையும் பகிர்ந்து, அந்த முடிவையே போராட்டத்தின் உச்சம்போலப் பேசுகிறோம். அதே அவமானத்தை விடுதி அறையில் தனியாகச் சுமக்கும் ஒரு மாணவரும் அதைப் படிக்கிறார். செத்தால்தான் நம் குரல் கேட்கும் என்று அவருக்கு நாம் சொல்லிவிடக் கூடாது. 'சாதிதான், வேறொன்றுமில்லை' என்று ஒற்றைக் காரணத்தில் முடிப்பதும் 'காதல் தோல்வி' என்று முடிப்பதைப் போலத்தான்.

செய்தியாளரிடம் நாம் கேட்பது இதுதான்: எப்படி என்பதை விடுங்கள், ஏன் என்று விசாரியுங்கள். மிரட்டல் நடந்ததா, புகார் வாங்கப்பட்டதா, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானதா என்று தொடர்ந்து எழுதுங்கள். அதே அவமானத்தைச் சந்தித்து, துணை தேடி, வழக்காடி, வாழ்ந்துகொண்டிருப்பவர்களையும் எழுதுங்கள். நம் தெருக்களில் அவர்கள்தான் அதிகம்.

இதைப் படிக்கும் யாருக்கேனும் மனம் பாரமாக இருந்தால் 104 அல்லது 14416 எண்ணில் பேசுங்கள். பக்கத்தில் இருக்கும் ஒரு தோழரிடமும் சொல்லுங்கள். நீங்கள் உயிரோடு வேண்டும்.