கேமராக் குழாய் தோற்றதா?

விண்வெளித் தொலைநோக்கிக்கென்று, எலக்ட்ரான் கற்றையால் படத்தைப் படிக்கும் கேமராக் குழாய்களை உருவாக்கிய காலமெல்லாம் வீண், ஒளியை மின்னூட்டமாக்கிப் பதியும் சிசிடி சில்லு வந்ததும் அந்த உழைப்பு குப்பைக்குப் போனது என்று பலரும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்கள்.

வீணா? 1978 ஜனவரியில் ஏவப்பட்ட ஐ.யூ.இ. என்ற புற ஊதாச் செயற்கைக்கோள் பார்த்ததே விடிகான் என்ற வகைக் கேமராக் குழாய்கள் வழியாகத்தான். அது 1996 செப்டம்பர் வரை உழைத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறமாலைகளைத் தந்தது. சூப்பர்நோவா 1987ஏ-யில் வெடித்தது எந்த விண்மீன் என்பதை உறுதிசெய்ததும் அதன் பதிவுகள்தான்.

சிசிடி இருந்தும் பிடிவாதமாகக் குழாயையே கட்டிக்கொண்டு அழுதார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. சிசிடி 1969-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது உண்மை. ஆனால் அதற்குப் புற ஊதா சரியாகத் தெரியாது. 1990-இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியோடு போன சிசிடி கேமராவுக்கே, புற ஊதாவைக் காண, கொரோனீன் என்ற ஒளிரும் பொருளைப் பூச வேண்டியிருந்தது. ஐ.யூ.இ. குழாயின் முகப்பிலோ சீசியம் டெல்லூரைடு படலம். புற ஊதா பட்டால் எலக்ட்ரானை உதிர்க்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஏறக்குறைய சட்டைசெய்யாது. அந்த எலக்ட்ரான்கள் ஒளிரும் பூச்சில் மோதி வெளிச்சமாகி, கண்ணாடி இழைகள் வழியாக விடிகானுக்குள் போகும். அங்கே நுண்துளைகள் நிறைந்த பொட்டாசியம் குளோரைடு படலம் மணிக்கணக்கில் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும். மங்கலான விண்மீனுக்கு வேண்டியது இந்தப் பொறுமைதானே!

குறைகள் இல்லாமலில்லை. எலக்ட்ரான் கற்றை ஒருமுறை படித்தாலே படம் சிலேட்டைத் துடைத்தாற்போல் அழிந்துவிடும். பிம்பம் கோணும், அதைத் திருத்தவே முகப்பில் புள்ளிவரிசை பொறித்தார்கள். 1977-இல் ஹபிளின் அகலப்புலக் கேமராவுக்கு, பிரின்ஸ்டன் குழுவினர் பல ஆண்டுகள் வளர்த்த குழாயை விட்டுவிட்டு சிசிடியைத் தேர்ந்தது சரியான முடிவே. அதில் எனக்கு வழக்கில்லை.

ஆனால் ஹபிளில் குழாய்க்கே இடமில்லாமல் போனது என்பது தவறு. ஐரோப்பியர் தந்த மங்கற்பொருள் கேமராவில் ஒளிபெருக்கிக் குழாயும் தொலைக்காட்சிக் குழாயும் இருந்தன. 2002-இல்தான் அது கழற்றப்பட்டது.

2015-இல் இந்தியா ஏவிய அஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கியிலும் ஒளிபெருக்கிக் குழாய்களே உள்ளன. அவற்றில் அண்மைப் புற ஊதாவுக்கானதன் முகப்பில் பூசியது அதே சீசியம் டெல்லூரைடுதான்.